ஓசூர்: தெருவுக்கு ஒரு சங்கம், ஊருக்கு ஓர் ஏரி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலையில் முதலில் மாந்தோப்புகள்தான் கண்ணில் படும். குருபரப்பள்ளி தாண்டி சூளகிரி நெருங்கும்போது கொத்தமல்லியும் புதினாவும் முட்டைகோஸும் இடம்பிடிக்கின்றன. காமன்தொட்டி, பேரண்டப்பள்ளி பக்கம் யானை நடமாடும் சானமாவு காடு. அதற்கப்புறம் ரோஜா வளரும் பசுமைக்குடில்கள், லாரிப் பட்டறைகள், வண்ணக் கொடி கட்டிய மனைப்பிரிவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் காற்றில் எப்போதும் ஒரு குளிர்ச்சி. ஊரைக் கடந்தால் சிப்காட், மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி. அந்தப் பக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி.

பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பினால் தெருமுனைகளில் ஒரு பலகை நிற்கும். நகரின் பெயர், அதன் கீழே ‘குடியிருப்போர் நலச் சங்கம்’, அதன் கீழே பதிவு எண். இந்தப் பலகைகளை விவசாயிகள் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் ஓசூரைச் சுற்றி இன்னும் உழுதுகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கங்கள் ஒரு விதத்தில் பக்கத்து வயல்காரர்கள். அவர்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது, குப்பை எங்கே விழுகிறது, ஏரிக்கு வரும் கால்வாயை யார் மூடுகிறார்கள் என்பதெல்லாம் கடைசியில் நம் வரப்பில் வந்து முடிகிற விஷயங்கள்.

ஓசூரில் இவ்வளவு சங்கங்கள் முளைத்ததற்குக் காரணம் உண்டு. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்டு, டைட்டன் எனப் பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் தொடர்ந்தன. மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர் என எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஏற்கெனவே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கிய ஊர் இது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, ராயக்கோட்டை ஹட்கோ, ஏ.எஸ்.டி.சி. ஹட்கோ என்று வரிசையாக வீடுகள் எழுந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பேசும் மொழியும் தெரியாது, அவர் ஊரும் தெரியாது.

ஒரு பழைய கிராமத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஊர்ப் பெரியவர் இருப்பார். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்ச ஓர் ஆள் இருப்பார், அறுவடையில் அவருக்குப் படி உண்டு. ஏரிக்கால் தூர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். புதிய குடியிருப்பில் இது எதுவும் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை, போர்வெல்லில் மோட்டார் எரிந்துவிட்டது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் யாரிடம் போவது? பத்து வீட்டுக்காரர்கள் ஒரு திண்ணையில் கூடுவார்கள். மாதம் இவ்வளவு என்று சந்தா போடுவார்கள். இப்படித்தான் பெரும்பாலான சங்கங்கள் பிறக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி சென்னையில் உண்டு. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அது. தெருவாசிகள் ஒன்றுசேர்ந்து, மூன்று சக்கர வண்டியுடன் ஓர் ஆளை நியமித்து, வீடு வீடாகக் குப்பை வாங்கச் செய்தார்கள். அந்த ஆளுக்கு ‘தெரு அழகுபடுத்துவோர்’ என்று மரியாதையான பெயரும் கொடுத்தார்கள். சம்பளம் தெருக்காரர்களின் மாதச் சந்தாவிலிருந்து. அரசு உத்தரவு வருமுன்பே குப்பையைத் தெருவின் பொறுப்பாக எடுத்துக்கொண்ட முயற்சி அது. இன்று பல ஊர்களில் நகராட்சி வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது என்றால், அந்தப் பழக்கத்துக்கு வழி வெட்டியதில் இப்படிப்பட்ட தெருச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு.

ஓசூரில் தொடக்க காலச் சங்கங்களின் முதல் கவலை குடிநீர். பாறைப் பூமி, போர்வெல் ஆழமாகிக்கொண்டே போகும், தண்ணீரில் ஃபுளோரைடு வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல் கறைபட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு காவிரி நீர் வந்தது. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் திறப்பது என்ற கேள்வி மட்டும் சங்கங்களின் அன்றாடப் பேச்சாக இன்றும் இருக்கிறது. தண்ணீரும் சாக்கடையும் மட்டுமே பேசுகிறவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஓசூரில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆலைத் தொழிலாளர் ஊரில் வீட்டுக்காரர்கள் கூடிப் புத்தகச் சந்தைக்கு உழைப்பது சாதாரண விஷயம் இல்லை.

விவசாயிகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட திருப்பம் 2011-இல் வந்தது. மத்திகிரி பேரூராட்சியும், ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும் ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தன. 2019-இல் நகராட்சி மாநகராட்சியானது. இன்று 45 வார்டுகள். வார்டு என்றதும் முழுக்கக் கட்டடம் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லைக்குள் இன்னும் கேழ்வரகுக் கொல்லை இருக்கிறது, கீரைப் பாத்தி இருக்கிறது, மாட்டுக் கொட்டகை இருக்கிறது.

ஊராட்சி போனால் என்னவெல்லாம் போகும் என்று அப்போது பலர் யோசிக்கவில்லை. 100 நாள் வேலை போயிற்று, அது தெரிந்த கதை. அதைவிடப் பெரிய இழப்பு கிராம சபை. ஊராட்சியில் இருக்கும் வரை, குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என ஆண்டுக்கு நான்கு முறை எந்த வாக்காளரும் எழுந்து நின்று ‘ஏரி வரத்துக் கால்வாயை மூடியது யார்?’ என்று கேட்கலாம், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கலாம். 2022 முதல் மார்ச் 22 உலக தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு முறை ஆகியிருக்கிறது. நகராட்சிக்குள் வந்த விவசாயிக்கு இந்த வாய்ப்பு இல்லை. நகரங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தன. நடுவில் கழிந்த பதினோரு ஆண்டுகளில்தான் இங்கே நிலம் வேகமாக மனையானது. அந்தக் காலத்தில் பொது விஷயத்தை எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அலுவலகம் அலுவலகமாக நடப்பதற்கு அமைப்பாக இருந்தவை பெரும்பாலும் குடியிருப்போர் சங்கங்கள்தான். உழவர்களுக்கு அப்படி ஓர் அமைப்பு தெருவளவில் இல்லை. அதன் விலையை இன்று கால்வாய்களில் பார்க்கலாம்.

ஓசூர் நடுவிலேயே இருக்கும் ராமநாயக்கன் ஏரியை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ஊருக்குக் குடிநீர் கொடுத்த ஏரி. சுற்றிலும் வீடுகள் பெருகியதும் மழைநீர் வந்த வழியில் சாக்கடை வரத் தொடங்கியது. ஏரி ஒரு நாளில் கெடுவதில்லை. முதலில் வரத்துக் கால்வாயின் கரையில் ஒரு சுவர் எழும். பிறகு கால்வாய் மேல் ஒரு பலகைக் கல். பிறகு அதில் ஒரு கழிவறைக் குழாய். ஆகாயத்தாமரை மூடும்போதுதான் ஊர் விழிக்கும். கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து அழகுபடுத்துவதில் எல்லாரும் ஆர்வமாக இருப்பார்கள். வரத்துக் கால்வாயில் எந்த வீட்டுக் குழாய் சேர்கிறது என்று கணக்கெடுக்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் அந்த வீடு பெரும்பாலும் சங்க உறுப்பினருடையதாக இருக்கும்.

இது ஓசூரோடு நிற்கும் கதையும் இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கிழக்குப் புறக் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கொடியாளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது, கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. 44.28 அடி கொள்ளளவு உள்ள அந்த அணையை நம்பிப் பல ஆயிரம் ஏக்கர் பாசனம். மழை பெய்து மதகு திறக்கும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி, காற்றில் பறந்து பயிர் மேல் விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். துணி துவைக்கும் சோப்புத்தூளில் இருந்து ஆலைக் கழிவு வரை அந்த நுரைக்குப் பல தாய்கள். அணைத் தண்ணீரில் பாசனம் செய்பவர்கள் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாசன நீரைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் 2.25-க்கு மேல் போனால் அந்த நீர் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, கீரை வகைகளை அந்த நீரில் வளர்ப்பதைவிடப் பூவோ தீவனமோ வைப்பது நமக்கும் வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு.

பெங்களூரின் தெற்குப் பக்கம், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், ஜே.பி. நகர் அருகே புட்டேனஹள்ளி ஏரி இருக்கிறது. சுமார் 13 ஏக்கர்தான். சுற்றிலும் அடுக்குமாடிகள். வறண்டு, இடிபாடு கொட்டும் இடமாகிக்கொண்டிருந்த அந்த ஏரியைக் காப்பாற்ற 2010-இல் அக்கம்பக்கத்தார் ஓர் அறக்கட்டளை பதிவு செய்தார்கள். 2011-இல் பெங்களூரு மாநகராட்சியோடு பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டார்கள். ஏரி மாநகராட்சியின் சொத்து, அன்றாடக் கவனிப்பு குடியிருப்போருடையது. களை எடுப்பது, காவலாளுக்குச் சம்பளம், பறவைக் கணக்கு எல்லாம் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கிறது. அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சுத்திகரித்த கழிவுநீரை ஏரிக்குக் கொண்டுவந்ததுதான் இதில் புத்திசாலித்தனமான காரியம். கரையில் பூச்செடி வைப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் தேடினார்கள். இதையும் மிகைப்படுத்த வேண்டாம், 13 ஏக்கரைக் காப்பாற்றியதால் பெண்ணையாறு சுத்தமாகிவிடாது. ஆனால் கையில் மாதச் சந்தாப் புத்தகம் மட்டும் உள்ளவர்களால் எதுவரை போக முடியும் என்பதற்கு இது அளவுகோல்.

இனி குப்பைக்கு வருவோம். ஒரு சின்ன வீட்டுச் சமையலறையில் நாளைக்கு அரைக் கிலோ மட்கும் கழிவு சேரும் என்று வைத்துக்கொள்வோம். 200 வீடுகள் உள்ள ஒரு நகரில் நாளைக்கு 100 கிலோ, மாதம் 3 டன். முறையாக மட்க வைத்தால் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது முக்கால் டன் உரம் கிடைக்கும். இரண்டரை, மூன்று மாதக் கழிவில் ஓர் ஏக்கருக்கு 2 டன் கொடுத்துவிடலாம். தொழு உரம் ஒரு டிராக்டர் லோடு என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாடுகள் குறைந்துபோன ஓசூர் வட்டாரத்தில் ரோஜாக்காரரும் காய்கறிக்காரரும் எருவுக்குத் தொலைதூரம் போகிறார்கள். பக்கத்து நகரின் காய்கறித் தோலோ நெடுஞ்சாலையோரம் எரிகிறது.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, தீங்கான குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொன்னதோடு, குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு வைத்தன. சட்டம் சொல்வதால் மட்டும் பிரித்துப் போடும் பழக்கம் வராது. பத்து வீட்டுக்கு ஒருவர் நின்று பார்க்க வேண்டும், அந்த ஒருவரைச் சங்கம்தான் தர முடியும்.

ஓசூர் போன்ற ஆலை ஊரில் விவசாயி இந்த விஷயத்தில் இரக்கம் பார்க்கக் கூடாது. பிரிக்காத குப்பையிலிருந்து சலித்தெடுத்த உரம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கண்ணாடித் துண்டு, பேட்டரி, பெயிண்ட் டப்பா, டியூப்லைட் எல்லாம் அதில் கலந்திருக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு உரத்தில் ஈயம் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இவை மண்ணில் ஒருமுறை ஏறினால் இறக்குவது பெரும்பாடு. பழத்தோலும் காய்கறிக் கழிவும் மட்டும் தனியாகத் தரும் ஒரு தெரு கிடைத்தால் அந்தச் சங்கத்தோடு வாய்ப் பேச்சாக இல்லாமல் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. தினமும் யார் எடுப்பது, எத்தனை மணிக்கு, பிளாஸ்டிக் கலந்து வந்தால் திருப்பி அனுப்பலாமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மட்க 45 முதல் 60 நாள் ஆகும். ஈரமும் காற்றோட்டமும் சரியாக இருந்தால் நாற்றம் அடிக்காது.

ஓசூர் உழவர் சந்தை மாநிலத்தில் வரத்து அதிகமுள்ள சந்தைகளில் ஒன்று. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது நினைத்ததெல்லாம் விவசாயியும் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பார்ப்பதுதான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற அதே குடும்பத்தின் சாக்கடைதான் தன் வயலுக்கு வருகிறது என்று விவசாயிக்கும் தெரியாது, அந்த வயலின் கீரைதான் தன் பிள்ளையின் தட்டில் என்று அவர்களுக்கும் தெரியாது.

சங்கங்களின் குறையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை வீட்டு உரிமையாளர் சங்கங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லை. கெலமங்கலம் பக்கம் வரை பரவிவிட்ட புதிய ஆலைகளில் வேலை பார்க்கும் இளம்பெண்களும், ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களும் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்குகிறார்கள். அவர்களைப் பற்றிச் சங்கத்தில் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் புகாராகவே வருகிறது. அடுத்த புகார் மாடு. மனைப்பிரிவு வருமுன் இரண்டு தலைமுறையாக அங்கே கொட்டகை வைத்திருப்பவர் மேல், சாணி நாறுகிறது என்று மனு போகும். பாலை அதே வீட்டில்தான் வாங்குவார்கள்! கூட்டங்களில் பெண்கள் குறைவு, சந்தா பாக்கி அதிகம், ஒரே தலைவர் பல ஆண்டுகள். மேய்ச்சல் வழியை மறித்துக் கேட் போட்ட நகர்களும் உண்டு. நன்றாக நடக்கும் சங்கம் எது என்று அறிய ஒரு சுலபமான வழி, போன ஆண்டு வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான்.

‘நிலத்தை ஒட்டி மனைப்பிரிவு வந்துவிட்டது, கால்வாயை மூடிவிட்டார்கள், தனி ஆளாக யாரிடம் போவது?’ என்பது சூளகிரி, பாகலூர், தளிப் பக்கத்து விவசாயிகளிடம் அடிக்கடி எழும் கேள்வி. தனி ஆளாகப் போக வேண்டியதில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நோக்கத்தையும் விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் இவற்றைத் தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும். இந்த மூன்றில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன. ஏரி ஆயக்கட்டு இருந்தால் அதற்கென்று ஆயக்கட்டுதாரர் சங்கம் தனி. 2017-இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது வேலைகளை இவற்றின் மூலம்தான் செய்தது.

அந்த ஏழு பேரில் நான்கு பேர் விவசாயிகளாகவும் மூன்று பேர் புதிதாக வீடு கட்டி வந்தவர்களாகவும் இருந்தால் இன்னும் நல்லது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது அவர்கள் கவலை, ஏரிக்குத் தண்ணீர் வராதது நம் கவலை. இரண்டுக்கும் காரணம் அதே மூடிய கால்வாய்.

முதலில் கையில் வைத்திருக்க வேண்டியது கிராம வரைபடமும் புலப்பட நகலும். ஓடை, வாய்க்கால், ஏரி எந்த சர்வே எண் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதம் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். பூங்கா என்று வரைபடத்தில் இருக்கும் இடத்தில் வீடு எழும்பிய பிறகு கேட்டால் வழக்கு, வேலி போடும்போதே கேட்டால் ஒரு மனு போதும். ஊராட்சியாக இருக்கும் ஊர்களில் அடுத்த கிராம சபைக்கு முன்பே இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, கூட்டத்தில் வாசித்து, தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்து வாருங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் தங்கள் வார்டின் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.